தோற்றவரிடம் சாக்கு இல்லாத பட்டம் எது? பனி ஹாக்கியின் சர்வதேசப் போட்டிகள் குறித்து ஓர் ஒப்பீடு

2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் பெய்ஜிங்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கின் பனி ஹாக்கி இறுதியாட்டத்தில், ரஷ்ய ஒலிம்பிக் குழுவின் அணியை 2-1 என்ற கணக்கில் வென்று ஃபின்லாந்து தன் முதல் ஒலிம்பிக் தங்கத்தைப் பெற்றது. அதே ஆண்டு மே மாதம் தம்பேரே நகரில், சொந்த மக்களின் முன்னிலையில், கனடாவைக் கூடுதல் நேரத்தில் 4-3 என்று வீழ்த்தி உலகச் சாம்பியன் பட்டத்தையும் தனதாக்கிக்கொண்டது. அப்படியானால் அந்த ஆண்டில் உலகின் தலைசிறந்த ஹாக்கி நாடு ஃபின்லாந்துதானா? ஐரோப்பிய ரசிகர்களில் பலர் தயங்காமல் ஆம் என்பார்கள். வட அமெரிக்க ரசிகர்களில் பலரோ, அந்த இரண்டு போட்டிகளிலுமே உலகின் முன்னணி வீரர்கள் முழுமையாகக் கலந்துகொள்ளவில்லை என்று நினைவூட்டுவார்கள். இரு தரப்பும் சொல்வது உண்மைதான் என்பதால், இந்த வாதம் பல பத்தாண்டுகளாக முடிவில்லாமல் தொடர்கிறது.

ஒரு நாட்டின் ஹாக்கி வலிமையை எந்தப் பட்டத்தை வைத்து மதிப்பிடுவது என்று தீர்மானிக்க விரும்புகிறவர் முன் இன்று சில தேர்வுகள் இருக்கின்றன. நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை வரும் ஒலிம்பிக் ஒன்று. பெரும்பாலும் ஆண்டுதோறும் நடக்கும் உலகச் சாம்பியன்ஷிப் மற்றொன்று. கனடா கோப்பையில் தொடங்கி, ஹாக்கி உலகக் கோப்பையாக மாறி, 2025இல் நான்கு நாடுகள் போட்டியாக மீண்டும் தலைகாட்டிய அழைப்புப் போட்டிகளின் வரிசை மூன்றாவது. வட அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.எச்.எல். அணிகள் ஆடும் ஸ்டான்லி கோப்பை கிளப் அணிகளுக்கு உரியது என்பதால் இந்த வரிசையில் அதற்கு இடமில்லை. ஆனால் அதன் நிழல் மூன்றின் மீதும் விழுகிறது.

வழக்கமாக இந்த வாதத்தில் முன்வைக்கப்படும் அளவுகோல் ஒன்றே ஒன்று: சிறந்த வீரர்கள் எல்லோரும் ஆடினார்களா? அது தேவையான கேள்வி. ஆனால் போதுமான கேள்வி அல்ல. நான் அதற்குப் பதிலாக வேறொரு சோதனையை வைத்துப் பார்க்கிறேன். ஒரு போட்டி முடிந்த மறுநாள் காலையில், தோற்ற நாட்டின் ரசிகர் தன் தோல்விக்கு என்ன சாக்குச் சொல்ல முடியும், அந்தச் சாக்கை அவருடைய நாட்டவரே ஏற்றுக்கொள்வார்களா என்பதுதான் அந்தச் சோதனை. வென்றவரின் மகிழ்ச்சியை வைத்துப் பட்டத்தை எடைபோட முடியாது, ஏனெனில் வென்றவர் எதையும் கொண்டாடுவார். தோற்றவருக்குத் தப்பிக்க வழி இருந்ததா இல்லையா என்பதில்தான் பட்டத்தின் கனம் தெரிகிறது.

உலகச் சாம்பியன்ஷிப்பை இந்தச் சோதனைக்கு உட்படுத்தினால், கனடாவுக்கு அங்கே எப்போதும் ஒரு சாக்கு தயாராக இருந்திருப்பதைக் காணலாம். போட்டி நடக்கும் மே மாதத்தில்தான் என்.எச்.எல். அணிகள் ஸ்டான்லி கோப்பைக்கான நாக்-அவுட் தொடர்களை ஆடிக்கொண்டிருக்கின்றன. அந்தத் தொடர்களுக்குத் தகுதி பெறாத அணிகளின் வீரர்களும், முதல் சுற்றுகளில் வெளியேறியவர்களும் மட்டுமே தேசிய அணிக்குக் கிடைப்பார்கள். அவர்களிலும் நீண்ட பருவத்தின் காயங்களோடும் களைப்போடும் இருப்பவர்கள் அழைப்பை மறுத்துவிடுவதுண்டு. இன்னும் பழைய காலத்தில் நிலைமை வேறு விதமாக இருந்தது. தொழில்முறை வீரர்களுக்கே அனுமதியில்லாத அந்த நாட்களில், 1961இல் டிரெயில் என்ற சிற்றூரின் கிளப் அணி கனடாவுக்காக உலகப் பட்டத்தை வென்றது. அதன் பிறகு 1994 வரை அந்த நாட்டுக்கு அந்தப் பட்டம் கிட்டவே இல்லை. இடைப்பட்ட காலத்தில் 1963 முதல் 1971 வரை தொடர்ந்து ஒன்பது முறை சோவியத் ஒன்றியம் வென்றது. சோவியத் வீரர்கள் பெயரளவில் ராணுவ அதிகாரிகளாகவும் மாணவர்களாகவும் இருந்தாலும், ஆண்டு முழுவதும் ஹாக்கியே அவர்களுடைய வேலை. குறிப்பிட்ட எண்ணிக்கையில் தொழில்முறை வீரர்களைச் சேர்த்துக்கொள்ள முதலில் தந்த அனுமதியைச் சர்வதேசக் கூட்டமைப்பு திரும்பப் பெற்றபோது, கனடா 1970இல் தன் மண்ணில் நடக்கவிருந்த உலகச் சாம்பியன்ஷிப்பையே கைவிட்டு, 1977 வரை போட்டியை விட்டு விலகி நின்றது. கனடா ரசிகரின் அலட்சியத்துக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது என்பதை ஐரோப்பிய ரசிகர்கள் மறந்துவிடுகிறார்கள். அது வெறும் செருக்கு அல்ல.

ஆனால் அதே சோதனையைக் கனடாவை விட்டுவிட்டு ஐரோப்பியர்களுக்குள் வைத்துப் பார்த்தால் விடை தலைகீழாக மாறுகிறது. 1995இல் ஸ்டாக்ஹோமில் நடந்த இறுதியாட்டத்தில் ஃபின்லாந்து சுவீடனை 4-1 என்று வென்று முதன்முறையாக உலகப் பட்டம் பெற்றபோது, வெற்றி பெற்ற அணியின் பயிற்சியாளர் கர்ட் லிண்ட்ஸ்ட்ரோம் ஒரு சுவீடன்காரர். சொந்த ஊரில், பரம எதிரியிடம், சொந்த நாட்டவரின் வழிகாட்டுதலில் ஆடிய அணியிடம் தோற்ற சுவீடன் ரசிகருக்கு, யார் ஆடவில்லை என்ற பட்டியலை எடுத்து நீட்டி ஆறுதல் தேடிக்கொள்ள வழி இருக்கவில்லை. 2011இல் பிராட்டிஸ்லாவாவில் அதே ஃபின்லாந்து 6-1 என்று மீண்டும் வென்றபோதும் அப்படித்தான்.

இதைவிடக் கூர்மையான சான்று 1969ஆம் ஆண்டுடையது. முந்தைய ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான வார்சா ஒப்பந்தப் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்திருந்தன. பிராகில் நடக்கவிருந்த உலகச் சாம்பியன்ஷிப் ஸ்டாக்ஹோமுக்கு மாற்றப்பட்டது. அங்கே செக்கோஸ்லோவாக்கியா சோவியத் அணியை 2-0, 4-3 என்று இரண்டு முறை வென்றது. இரண்டாவது வெற்றியின் இரவில் பிராகின் வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் மக்கள் வெள்ளமாகத் திரண்டார்கள், அங்கிருந்த சோவியத் விமான நிறுவனமான ஏரோஃப்ளோட்டின் அலுவலகம் சூறையாடப்பட்டது, அடுத்த சில வாரங்களில் செக்கோஸ்லோவாக்கியக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் டூப்செக் பதவியிழந்தார். பட்டம் என்னவோ கோல் வித்தியாசத்தில் சோவியத் ஒன்றியத்துக்கே போனது. செக்கோஸ்லோவாக்கியாவுக்குக் கிடைத்தது மூன்றாம் இடம். அந்த வெண்கலத்தின் மதிப்பைச் சிறந்த வீரர்கள் ஆடினார்களா என்ற கேள்வியால் அளக்க முற்படுவது எனக்குப் பொருளற்றதாகவே படுகிறது.

உலகச் சாம்பியன்ஷிப்புக்கு இன்னொரு பலம் உண்டு, அதை அதன் ஆதரவாளர்களே போதிய அளவு எடுத்துச் சொல்வதில்லை. கீழிருந்து மேலே ஏறிவருவதற்கு ஆண்டுதோறும் திறந்திருக்கும் ஏணி அது. மேல்மட்டத்தில் 16 அணிகள் ஆடுகின்றன. கடைசி இரண்டு இடங்களைப் பெறும் அணிகள் கீழ்ப்பிரிவுக்கு இறங்க, அங்கிருந்து இரண்டு அணிகள் மேலே வருகின்றன. செக்கோஸ்லோவாக்கியா பிரிந்தபோது மேல்பிரிவு இடம் செக் குடியரசுக்குப் போய்விட்டதால், ஸ்லோவாக்கியா 1994இல் மூன்றாம் பிரிவிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. எட்டே ஆண்டுகளில், 2002இல், அது கோத்தன்பர்கில் ரஷ்யாவை 4-3 என்று வென்று உலகச் சாம்பியனானது. 2023இல் லாட்வியா அமெரிக்காவைக் கூடுதல் நேரத்தில் வென்று வெண்கலம் பெற்ற இரவில் அந்த நாட்டின் நாடாளுமன்றம் நள்ளிரவையொட்டிக் கூடி, மறுநாளைப் பொது விடுமுறையாக அறிவித்தது. 2024இல் பிராகிலும் ஒஸ்ட்ராவாவிலும் நடந்த போட்டியை அரங்குகளில் கண்டவர்களின் எண்ணிக்கை 7,97,727. செக் அணி சுவிட்சர்லாந்தை 2-0 என்று வென்று பட்டம் பெற்றது. அழைப்பிதழ் அனுப்பி நடத்தப்படும் எந்தப் போட்டியிலும் ஸ்லோவாக்கியாவின் கதையோ லாட்வியாவின் கதையோ பிறக்க வழியில்லை.

கனடாவின் சாக்குகூட எப்போதும் செல்லுபடியாவதில்லை. 2025இல் என்.எச்.எல். நட்சத்திரங்களான சிட்னி கிராஸ்பியும் நேதன் மக்கினனும் கனடா அணியில் ஆடினார்கள். ஹெர்னிங் நகரில் நடந்த காலிறுதியில், இறுதி நிமிடங்கள்வரை 1-0 என்று முன்னிலையில் இருந்த அந்த அணியை டென்மார்க் 2-1 என்று வெளியேற்றியது. அன்று ஆடாதவர்களின் பெயர்ப்பட்டியல் நீளமானதுதான். ஆனால் ஆடியவர்களே டென்மார்க்கை வெல்லப் போதுமானவர்கள்.

ஆட்டத்தின் தரத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், கனடா கோப்பையை எதுவும் நெருங்காது என்று சொல்பவர்களோடு நான் பெரும்பாலும் உடன்படுகிறேன். அதன் விதை 1972 செப்டம்பரில் கனடாவும் சோவியத் ஒன்றியமும் ஆடிய எட்டு ஆட்டத் தொடரில் விழுந்தது. மாண்ட்ரியாலில் நடந்த முதல் ஆட்டத்தில் 7-3 என்று சோவியத் அணி வென்றபோது கனடா உறைந்துபோனது. மாஸ்கோவில் கடைசி ஆட்டத்தின் 34 விநாடிகள் மீதமிருக்கையில் பால் ஹென்டர்சன் அடித்த கோல் தொடரைக் கனடாவுக்குப் பெற்றுத்தந்தது. கனடாவின் நட்சத்திரங்களில் காயத்தால் பாபி ஆர் ஆடவில்லை, போட்டியாக முளைத்த வேறொரு லீகில் சேர்ந்துவிட்டதால் பாபி ஹல் சேர்க்கப்படவில்லை. ஆகவே தோற்றிருந்தால் கனடாவுக்கு ஒரு சாக்கு இருந்திருக்கும். இரண்டே நாடுகள் மோதிய தொடரை உலகப் பட்டமாகக் கொள்ள முடியாது என்றாலும், தொழில்முறை வீரர்களை நேருக்கு நேர் நிறுத்திப் பார்க்கும் ஆசை அங்கேதான் பிறந்தது.

1976, 1981, 1984, 1987, 1991 ஆகிய ஐந்து ஆண்டுகளில் நடந்த கனடா கோப்பையில் நான்கு முறை கனடாவே வென்றது. விதிவிலக்கான 1981தான் என் சோதனைக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. ஆட்டத்தின் மிகப் பெரிய நட்சத்திரமான வேன் கிரெட்ஸ்கி உள்ளிட்ட கனடா அணி, மாண்ட்ரியாலில், தன் சொந்த விதிகளின்படி, தன் சொந்த ரசிகர்கள் முன்னால், இறுதியாட்டத்தில் 8-1 என்று சோவியத் அணியிடம் தோற்றது. சாக்கு என்று சொல்ல எதுவும் மீதமிருக்கவில்லை. கோப்பையைச் சோவியத் அணி நாட்டுக்கு எடுத்துச்செல்ல அமைப்பாளர்கள் மறுத்தபோது, வெட்கப்பட்ட கனடா ரசிகர்களே பணம் திரட்டி அதன் நகல் ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். தோற்றவர்களே முன்வந்து வென்றவர்களுக்குக் கோப்பை செய்து தந்த அந்த நிகழ்வைப் படிக்கும்போதெல்லாம், ஒரு பட்டத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடைத்திருக்க முடியாது என்று எனக்குத் தோன்றும். 1987 இறுதித் தொடரின் மூன்று ஆட்டங்களும் 6-5 என்றே முடிந்தன; மூன்றாவது ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிடங்களுக்குள் கிரெட்ஸ்கி தள்ளித் தந்ததை மரியோ லெமியூ கோலாக்கினார். தேசிய அணிகளுக்கிடையே நடந்த ஹாக்கியில் அந்த மூன்று இரவுகளின் தரத்தை மிஞ்சிய ஆட்டங்கள் அரிது.

இருந்தும் அந்தப் போட்டியை நான் முதலிடத்தில் வைக்கமாட்டேன். யார் ஆடுவது என்பதை அழைப்பவரே முடிவு செய்தார். இறுதி ஆட்டங்கள் எப்போதும் வட அமெரிக்காவில்தான் நடந்தன. எனவே தோற்ற ஐரோப்பியருக்கு ஆடுகளத்தின் அளவிலிருந்து நடுவர்வரை சொல்ல ஏதாவது இருந்தது. ஐரோப்பாவின் 60க்கு 30 மீட்டர் களத்தில் பழகியவருக்கு, சுமார் 26 மீட்டர் அகலமே உள்ள என்.எச்.எல். களம் மூச்சுமுட்ட வைக்கும் வேறோர் உலகம். அடுத்து வந்த ஹாக்கி உலகக் கோப்பையோ 1996, 2004, 2016 என்று நெடிய இடைவெளிகளில் மூன்று முறை மட்டுமே நடந்தது. அதிலும் 2016இல் பல நாட்டு வீரர்களைக் கலந்து ஐரோப்பிய அணி ஒன்றையும், 23 வயதுக்குட்பட்ட வட அமெரிக்கர்களின் அணி ஒன்றையும் உருவாக்கினார்கள். அந்த இளையோர் அணிக்குத் தலைமை தாங்கிய கானர் மெக்டேவிட் கனடாவின் சட்டையை அணிய முடியாமல் போனது. ஒரு நாட்டின் சிறந்த வீரர் அந்த நாட்டுக்காக ஆட விதியே இடம்தராத போட்டியை நாடுகளின் போட்டி என்று எப்படி அழைப்பது? கனடா அப்போதும் வென்றது என்பது கனடாவின் பெருமையே தவிர, போட்டியின் பெருமை அல்ல.

2025 பிப்ரவரியில் நடந்த நான்கு நாடுகள் போட்டி அந்தக் கறையைப் பெரிதும் துடைத்தது. பாஸ்டனில் கனடாவும் அமெரிக்காவும் மோதிய இறுதியாட்டத்தில் அதே மெக்டேவிட் கூடுதல் நேரத்தில் கோல் அடித்து 3-2 என்று முடித்துவைத்தார். ஆட்டத்தின் தீவிரம் குறித்து யாருக்கும் ஐயமில்லை. ஆனால் முந்தைய ஆண்டுதான் உலகச் சாம்பியனான செக் குடியரசுக்கு அழைப்பே இல்லாத போட்டி அது.

இனி ஒலிம்பிக். இங்கே பலர் செய்யும் தவறு, ஒலிம்பிக் ஹாக்கியை ஒரே போட்டியாகப் பாவிப்பது. 1956 முதல் 1988 வரை ஏழு தங்கங்களைச் சோவியத் ஒன்றியம் வென்ற காலம் ஒன்று. 1998 முதல் 2014 வரை என்.எச்.எல். தன் பருவத்தையே நிறுத்திவைத்து வீரர்களை அனுப்பிய ஐந்து ஒலிம்பிக்குகளின் காலம் வேறொன்று. அந்த லீக் விலகிநின்ற 2018, 2022 ஆகியவை இன்னொன்று. மூன்றிலும் பதக்கத்தின் வடிவம்தான் ஒன்று, எடை ஒன்றல்ல. 1980இல் லேக் பிளாசிடில் அமெரிக்கக் கல்லூரி வீரர்கள் சோவியத் அணியை 4-3 என்று வென்றது இந்த விளையாட்டின் மிகப் பெரிய அதிர்ச்சியாக இன்றும் பேசப்படுகிறது. தோற்ற சோவியத் அணிக்கு எந்தச் சாக்கும் இல்லாததால் அந்த வெற்றிக்கு அழியாத மதிப்பு உண்டு. ஆனால் ஆடவந்த அணிகளில் கனடா தன் வலிமையான வீரர்களை அனுப்ப முடியாத நிலையில் இருந்ததால், அந்த ஒலிம்பிக்கில் அமெரிக்கா பெற்ற தங்கம் உலகின் தலைமைக்கான சான்று ஆகாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் வாதங்கள் பாதி வழியில் கோபமாக மாறுகின்றன.

1998இல் நகானோவில் கனடாவிடமும் அமெரிக்காவிடமும் ஏறக்குறைய எல்லோரும் இருந்தார்கள். செக் அணியின் கோல்காப்பாளர் டொமினிக் ஹாசெக் அரையிறுதியின் பெனால்ட்டி ஷாட் சுற்றில் கனடா வீரர்கள் ஐந்து பேரையும் தடுத்தார்; இறுதியில் ரஷ்யாவை 1-0 என்று வென்று செக் குடியரசு தங்கம் பெற்றது. கனடாவில் அன்று எழுந்த கேள்வி, பெனால்ட்டி ஷாட்டுக்கு கிரெட்ஸ்கியை ஏன் அனுப்பவில்லை என்பதே. தோற்றவர்கள் தங்கள் முடிவுகளைத் தாங்களே குறைசொல்லத் தொடங்கினால், அவர்களிடம் வேறு சாக்கு இல்லை என்று பொருள். 2002இல் சால்ட் லேக் சிட்டியில் அமெரிக்காவை 5-2 என்று வென்று ஐம்பது ஆண்டுக் காத்திருப்பைக் கனடா முடித்ததும், 2010இல் வான்கூவரில் கிராஸ்பி கூடுதல் நேரத்தில் அடித்த கோலும், 2014இல் சோச்சியில் ஆறு ஆட்டங்களில் மூன்றே கோல்களை விட்டுக்கொடுத்துக் கனடா வென்றதும் இந்த வரிசையில் வருகின்றன.

குறை இல்லாமல் இல்லை. சில நாட்களில், ஆறு அல்லது ஏழு ஆட்டங்களில் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஒரே ஒரு கோல்காப்பாளரின் ஒரே ஓர் இரவு நான்கு ஆண்டுகளைத் தீர்மானித்துவிடுகிறது. 2002 காலிறுதியில் பெலாருஸ் சுவீடனை 4-3 என்று வெளியேற்றியது. சோச்சியில் லாட்வியாவின் இளம் கோல்காப்பாளர் கிறிஸ்டெர்ஸ் குட்லெவ்ஸ்கிஸ் 55 முறை கோலைத் தடுத்து, கனடாவை 2-1 என்ற கணக்கில் இழுத்துப்பிடித்தார். 1987இல் போல மூன்று ஆட்டத் தொடராக நடத்தினால் வலிமை இன்னும் தெளிவாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் தற்செயலால் தோற்றோம் என்பது எல்லா விளையாட்டிலும் எல்லோருக்கும் பொதுவான புலம்பல். சுவீடன் மக்கள் 2002இல் அதை ஏற்றுக்கொள்ளவில்லை, தங்கள் வீரர்களைக் கடுமையாகச் சாடினார்கள்.

மகளிர் ஹாக்கியில் இந்தச் சிக்கலே இல்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1990இல் ஆட்டவாவில் தொடங்கிய மகளிர் உலகச் சாம்பியன்ஷிப்புக்கும் 1998இல் தொடங்கிய மகளிர் ஒலிம்பிக்குக்கும் நாடுகள் தங்கள் சிறந்த வீராங்கனைகளையே அனுப்புகின்றன. ஆகவே உலகப் பட்டம் அங்கே உண்மையிலேயே உலகப் பட்டம். 2019இல் எஸ்போவில் ஃபின்லாந்து கூடுதல் நேரத்தில் அடித்த கோல் செல்லாது என்று அறிவிக்கப்பட்டு, பின்னர் பெனால்ட்டி ஷாட்டுகளில் அமெரிக்கா வென்றபோது எழுந்த வேதனை, எதற்கும் குறைந்ததல்ல.

வீரர்களின் தீர்ப்பு என்ன என்று கேட்பவர்கள், ஒலிம்பிக் தங்கம், உலகச் சாம்பியன் பட்டம், ஸ்டான்லி கோப்பை மூன்றையும் வென்றவர்களைக் கொண்ட முத்தங்கக் குழுவைச் சுட்டுவார்கள். 1994இல் ஹாகன் லூப், மட்ஸ் நெஸ்லுண்ட், டோமஸ் ஜோன்சன் என்ற மூன்று சுவீடன்காரர்கள் அதில் முதலில் இடம்பெற்றார்கள். கிராஸ்பி 2015இல் பிராகில் சேர்ந்தார். கனடா கோப்பை அந்தக் கணக்கில் சேர்வதில்லை என்பதால், மூன்று முறை அதை வென்ற கிரெட்ஸ்கிக்கு அங்கே இடமில்லை. ஆட்டத்தின் மிகப் பெரிய பெயரை வெளியே நிறுத்தும் கணக்கு முழுமையான கணக்காக இருக்க முடியாது.

ஆகவே ஒருவர் என்னிடம் ஒரே பட்டத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், என்.எச்.எல். வீரர்கள் ஆடிய ஒலிம்பிக்கின் தங்கத்தைத்தான் சொல்வேன். அதற்கு அடுத்த இடத்தைக் கனடா கோப்பையின் 1981, 1987 பதிப்புகளுக்குத் தருவேன். அழைப்புப் போட்டி என்ற குறை அந்த இரண்டு ஆண்டுகளிலும் ஆட்டத்தின் முன் சிறுத்துப்போனது. உலகச் சாம்பியன்ஷிப்பை மூன்றாவதாக வைப்பேன். ஆனால் ஒரு நாட்டின் ஹாக்கி ஆண்டுக்கு ஆண்டு வளர்கிறதா தேய்கிறதா என்று அறிய விரும்புகிறவருக்கு அதைவிட நம்பகமான ஆவணம் வேறில்லை. 2022இல் உக்ரைன் மீதான படையெடுப்புக்குப் பின் ரஷ்யா கூட்டமைப்பின் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டிருப்பதால், அதன் பின் வென்ற பட்டங்கள் அனைத்திலும் அந்த வெற்றிடத்தைச் சேர்த்தே கணக்கிட வேண்டும். விலக்கியது சரியா என்பது வேறு கேள்வி. வலிமையை அளக்கும்போது அந்த இடம் காலியாக இருக்கிறது என்பதுதான் இங்கே பொருட்டு.

இந்த அளவுகோலின்படி, ஃபின்லாந்தின் 2022 ஆண்டில் நான் தம்பேரே பட்டத்தையே பெய்ஜிங் தங்கத்துக்கு மேலே வைக்கிறேன், ஏனெனில் மே மாதத்தில் குறைந்தபட்சம் சில என்.எச்.எல். வீரர்களாவது எதிரே நின்றார்கள். அதற்கும் ஒரு படி மேலே, 2006இல் துரினில் அந்த நாடு பெற்ற வெள்ளியை வைப்பேன். எல்லா நாடுகளும் தங்கள் சிறந்தவர்களோடு வந்திருந்த அந்த ஒலிம்பிக்கின் இறுதியாட்டத்தில், 2-2 என்ற சமநிலையில் தொடங்கிய மூன்றாம் பகுதியின் பத்தாவது விநாடியிலேயே நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம் அடித்த கோலால் சுவீடன் 3-2 என்று வென்றது. எஞ்சிய இருபது நிமிடமும் ஃபின்லாந்து முயன்றும் அந்தக் கோலைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.